இந்தப் புத்தகம் எந்தத் தட்டுக்கு? மொழி, நாடு, காலம் பார்த்து இலக்கியத்தைப் பிரிக்கும் முறை

எங்கள் தெருப் படிப்பகத்தில் புத்தகங்களை அடுக்கித் தருவதாக ஒத்துக்கொண்ட அன்று, முதலில் கைக்கு வந்தது ‘ஜமீலா’. மாஸ்கோவில் அச்சான பழைய தமிழ்ப் பதிப்பு. எனக்கு முன்னால் அடுக்கியவர் அதன் முதுகில் ‘ரஷ்ய இலக்கியம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தார். நானும் யோசிக்காமல் டால்ஸ்டாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதை எழுதிய சிங்கிஸ் ஐத்மாத்தவ் ரஷ்யர் இல்லை, மத்திய ஆசியாவின் கிர்கிஸ்காரர். 1958இல் வெளிவந்த அந்தக் கதையை அவர் முதலில் எழுதியதும் கிர்கிஸ் மொழியில்தான். அந்த மொழியிலிருந்து எங்களிடம் இருந்த ஒரே புத்தகம் அது. அதுவும் வேறொரு மொழியின் பெயரைச் சுமந்துகொண்டு நின்றிருந்தது.

ஊர்ப் படிப்பகத்தில் உதவ வந்தவர்களுக்கும், வீட்டு அலமாரியை ஒழுங்கு செய்ய நினைப்பவர்களுக்கும், கல்லூரியில் இலக்கியம் எடுத்துவிட்டு ‘விக்டோரியா காலம்’, ‘லத்தீன் அமெரிக்க இலக்கியம்’ போன்ற பெயர்களைப் பார்த்து மலைத்து நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எந்த இலக்கியப் புத்தகத்திடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எந்த மொழியில் எழுதப்பட்டது, எந்த நாட்டில் எழுதப்பட்டது, எந்தக் காலத்தில் எழுதப்பட்டது. மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒன்றுக்குக் கிடைத்த பதிலையே மற்றதற்கும் எழுதிவிடுவதால்தான் ஐத்மாத்தவ் ரஷ்யர் ஆனார்.

அட்டையை நம்பாதீர்கள்

அட்டையில் இருப்பது தமிழ்த் தலைப்பும் ஆசிரியர் பெயரும்தான். முதல் சில பக்கங்களுக்குள், சின்ன எழுத்தில், பதிப்பு விவரப் பக்கம் ஒன்று இருக்கும். அங்கே மூலத் தலைப்பு, மூல மொழி, மூலம் முதலில் வெளிவந்த ஆண்டு, மொழிபெயர்த்தவர் பெயர், எந்த மொழி வழியாகத் தமிழுக்கு வந்தது என்ற ஐந்தையும் தேடுங்கள். பழைய பதிப்புகளில் பாதி விவரம் இருக்காது. அப்போது முன்னுரையைப் படிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் அங்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

‘ஆங்கிலம் வழி தமிழில்’ என்று போட்டிருந்தால், உடனே ஆங்கிலத் தட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆங்கிலம் அந்தப் புத்தகம் ஏறி வந்த வண்டி, அவ்வளவுதான். புறப்பட்ட ஊர் எது என்று பாருங்கள். கார்சியா மார்க்கேஸ் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்தார். ஆனால் அவர் கொலம்பியக்காரர், எழுதியது ஸ்பானிய மொழியில்.

ஒரு துண்டுச் சீட்டில் மொழி, நாடு, காலம் என்று மூன்று வரி எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். தெரியாத வரியைக் காலியாக விடுங்கள். ஊகித்து எழுதினால் அடுத்து வருபவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

முதல் கேள்வி மொழி

உலகம் முழுவதும் பெரும்பாலான நூலகங்கள் இலக்கியத்தை முதலில் மொழி பார்த்துத்தான் பிரிக்கின்றன. பிற துறை நூல்களுக்கு இந்த முறை கிடையாது. மருத்துவ நூல் எந்த மொழியில் இருந்தாலும் மருத்துவத் தட்டுக்குப் போகும். இலக்கியத்தில் மொழிதான் பொருளே. ஒரு கவிஞருக்குச் சொந்த நாட்டு விவசாயியைவிட, அதே மொழியில் முந்நூறு வருடத்துக்கு முன் எழுதிய இன்னொரு கவிஞர் நெருங்கிய உறவு. யாப்பு, சொல், கதை சொல்லும் விதம் எல்லாம் மொழிக்குள்தான் கைமாறி வருகின்றன.

மொழிபெயர்ப்பை மூல மொழியோடு வைக்க வேண்டும். டால்ஸ்டாயைத் தமிழில் படித்தாலும் அவர் இடம் ரஷ்ய இலக்கியம்தான். ‘எல்லாமே தமிழ்ப் புத்தகம்தானே, எதற்குப் பிரிக்க வேண்டும்?’ என்று எங்கள் படிப்பகத்தில் கேட்டார்கள். பிரித்து வைத்த பிறகு, ஒரு ரஷ்ய நாவலைப் படித்து முடித்த பையன் பக்கத்திலேயே அடுத்ததை எடுத்துக்கொண்டு போனான். அதற்குத்தான் பிரிக்கிறோம்.

சிலர் இரண்டு மொழியில் எழுதுவார்கள். ஐத்மாத்தவே 1960களின் நடுவிலிருந்து பெரும்பாலும் ரஷ்ய மொழியில் எழுதத் தொடங்கினார். கென்யாவின் கூகி வா தியாங்கோ 1977 வரை நாவல்களை ஆங்கிலத்தில் எழுதினார். அப்புறம் தாய்மொழியான கிக்கூயூவுக்குத் திரும்பினார். இலங்கை மலையகத்துச் சி. வி. வேலுப்பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். இப்படிப்பட்டவர்களை மனிதரை வைத்துப் பிரிக்காதீர்கள், நூலை வைத்துப் பிரியுங்கள். ஒரே ஆசிரியர் இரண்டு தட்டில் இருந்தால் குற்றமில்லை. அயர்லாந்தில் பிறந்த சாமுவேல் பெக்கெட் போல ஒரே நாடகத்தை முதலில் பிரெஞ்சில் எழுதி, பிறகு தாமே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. முதலில் எழுதிய மொழியைப் பின்பற்றினால் போதும்.

மொழியும் ஊரும் ஒத்துப்போகாத நூல்கள் நம் பக்கத்திலேயே உண்டு. காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ நடப்பது காஞ்சித் தெருக்களில். ஆனால் அது சமஸ்கிருத நாடகம். சமஸ்கிருதத் தட்டுக்குத்தான் போக வேண்டும். பதிற்றுப்பத்து பாடும் சேர மன்னர்களின் நிலத்தில் பெரும்பகுதி இன்று கேரளம். நூல் தமிழ், அதனால் தமிழ்த் தட்டு. இதில் யாருக்கும் குழப்பம் வராது. இதே தெளிவோடு மற்ற மொழிகளையும் பார்த்தால் போதும்.

நாடு: பொறுமை வேண்டிய இடம்

ஒரு மொழி ஒரு நாடு என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் என்று நான்கு மொழி. ‘சுவிஸ் மொழி’ என்று ஒன்று கிடையாது. மறுபக்கம், ஸ்பானிய மொழி ஸ்பெயினிலும் இருக்கிறது, மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை பல நாடுகளிலும் இருக்கிறது. ‘லத்தீன் அமெரிக்க இலக்கியம்’ என்று ஒரே சீட்டு ஒட்டினால் பிரேசிலும் அதில் அடங்கிவிடும். பிரேசிலின் மொழி போர்த்துகீசியம். ‘ஆப்பிரிக்க இலக்கியம்’ என்ற சீட்டு இதைவிட மோசம். ஒரு கண்டத்தை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளை, ஒரு வார்த்தையில் கட்டிப் போடுகிறது. நைஜீரியா என்றோ கென்யா என்றோ எழுத அதிக இடம் தேவைப்படாது.

அடுத்த சிக்கல், நாடுகள் மாறிக்கொண்டே இருப்பது. காஃப்கா 1883இல் பிராகா நகரத்தில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு. அவர் 1924இல் இறந்தபோது செக்கோஸ்லோவாக்கியா. இன்று செக் குடியரசு. எழுதியது ஜெர்மன் மொழியில். நான் இப்படி எழுதிவைப்பேன்: மொழி - ஜெர்மன், நாடு - பிராகா (அன்று ஆஸ்திரிய-ஹங்கேரி, இன்று செக் குடியரசு). நாட்டின் பெயர் குழப்பினால் ஊரின் பெயரை எழுதுங்கள். நாட்டுப் பெயர் மாறும் அளவுக்கு ஊர்ப் பெயர் மாறாது.

சாதத் ஹசன் மாண்டோவை எங்கே வைப்பது? 1912இல் பஞ்சாபில், இன்றைய இந்தியாவில் பிறந்தார். பம்பாயில் எழுதினார். பிரிவினைக்குப் பின் 1948இல் லாகூருக்குப் போனார். 1955இல் அங்கேயே இறந்தார். மொழி உருது, அதில் சந்தேகமில்லை. நாட்டு வரியில் நான் இந்தியா, பாகிஸ்தான் இரண்டையும் எழுதினேன். எந்த நாட்டுக்குப் போவது என்று தெரியாமல் எல்லைக்கு நடுவில் விழுந்து கிடக்கும் மனிதனைப் பற்றி ‘டோபா டேக் சிங்’ எழுதியவரை ஒரு பக்கமாகத் தள்ள என்னால் முடியவில்லை.

கதை நடக்கும் இடத்தை நாடு என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. 1885இல் வெளிவந்த ‘அசன்பே சரித்திரம்’ நாவலின் நாயகன் எகிப்தைச் சேர்ந்தவன். எழுதிய சித்தி லெப்பை இலங்கைக்காரர். நூல் தமிழ். ஆக மொழி தமிழ், நாடு இலங்கை. எகிப்து என்பதைக் குறிப்பு வரியில் எழுதலாம், நாட்டு வரியில் எழுதக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் படிப்பகத்தில் ‘அயல்நாட்டு இலக்கியம்’ என்று ஒரு தட்டு இருந்தது. செகாவ், ஹெமிங்வே எல்லாரும் அங்கே. கூடவே யாழ்ப்பாணத்தில் அச்சான சிறுகதைத் தொகுப்புகளும், மலேசியத் தமிழ் நாவல்களும். நாடு பார்த்தால் அயல்நாடுதான். ஆனால் தமிழ்க் கதை தேடி வருபவர் அந்தத் தட்டுப் பக்கமே போவதில்லை. நாட்டுக் கேள்வியை மொழிக் கேள்விக்கு முன்னால் கேட்டதால் வந்த வினை இது. அந்தப் புத்தகங்களைத் தமிழ்த் தட்டுக்குள் கொண்டுவந்து ‘தமிழ் - இலங்கை’, ‘தமிழ் - மலேசியா’, ‘தமிழ் - சிங்கப்பூர்’ என்று முதுகில் குறித்தோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களிலும் ‘தமிழ் - தமிழ்நாடு’ என்று குறித்தோம். அதைக் குறிக்காவிட்டால் தமிழ்நாட்டில் எழுதுவது மட்டும்தான் இயல்பான தமிழ் இலக்கியம், மற்றதெல்லாம் கிளை என்று அலமாரியே சொல்வது போல ஆகிவிடும். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் இருந்து எழுதுபவருக்கு இரண்டு நாட்டையும் எழுதுங்கள்.

காலம்: ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கடிகாரம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆங்கிலேயர்கள் தங்கள் இலக்கியத்தின் சில காலங்களை அரசர் பெயரால் அழைக்கிறார்கள். எலிசபெத் காலம் என்றால் 1558 முதல் 1603 வரை. விக்டோரியா காலம் 1837 முதல் 1901 வரை. பிரெஞ்சுக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பேசுவார்கள். ஜப்பானில் ஹெயான், எடோ, மெய்ஜி என்று ஆட்சி மாறியதை ஒட்டிப் பெயர்கள். மெய்ஜி காலம் 1868இல் தொடங்கி 1912இல் முடிகிறது. சீனத்தில் அரச வம்சம்: தாங் காலக் கவிதை, மிங் கால நாவல். நம்முடையதும் கிட்டத்தட்ட சீனம் போலத்தான். சங்க காலம், சங்கம் மருவிய காலம், பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம் என்று படித்திருப்போம். இந்தியில் ராமச்சந்திர சுக்ல 1929இல் எழுதிய இலக்கிய வரலாறு வேறு வழியில் போனது. பக்திக் காலம், ரீதிக் காலம் என்று எழுத்தின் தன்மையையே காலத்துக்குப் பெயராக்கியது.

ஒரு மொழியின் காலப் பெயரை இன்னொரு மொழிக்கு ஒட்டக் கூடாது. 1850 என்ற ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் விக்டோரியா காலம். ஜப்பானில் இன்னும் எடோ காலம் முடியவில்லை. ரஷ்யாவில் நாவலின் பெரிய காலம் தொடங்கிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் வைத்துத் தமிழ் உரைநடையை வளர்க்கிறார். ‘விக்டோரியா காலத் தமிழ் இலக்கியம்’ என்று எழுதினால் பொருள் வராது. ஊரே வேறு.

ஆனால் ஆண்டு எல்லாருக்கும் பொது. அதனால் சீட்டில் காலப் பெயரோடு ஆண்டையும் எழுதுங்கள். ஆண்டு எழுதத் தொடங்கியபோதுதான் நான் கவனித்தேன், பாரதியாரும், ஆங்கிலத்தில் நாவல் எழுதிய வர்ஜீனியா வுல்ஃபும் ஜேம்ஸ் ஜாய்ஸும் பிறந்தது ஒரே ஆண்டு, 1882. காஃப்கா அடுத்த ஆண்டு. பாரதியை ஒரு காலமாகவும் அவர்களை வேறொரு காலமாகவும் மனதில் வைத்திருந்தேன். ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ 1922இல் வெளிவந்தபோது பாரதி இறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பக்கத்து மொழிகளை ஒரே ஆண்டில் நிறுத்திப் பார்க்கும்போது கிடைக்கும் இந்த வியப்புக்காகவே காலம் குறிக்கலாம்.

எந்த ஆண்டை எழுதுவது? ஒரு புத்தகத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு உண்டு. எழுதிய அல்லது முதலில் வெளிவந்த ஆண்டு, மொழிபெயர்த்த ஆண்டு, கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டு. காலத்தைத் தீர்மானிப்பது முதல் ஆண்டு மட்டும்தான். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தது 1892இல். அதை வைத்து அந்த நூலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தட்டில் யாரும் வைக்க மாட்டோம். ஆனால் மொழிபெயர்ப்பு நூல்களில் இதே தவறு சாதாரணமாக நடக்கிறது, ‘2015 பதிப்பு, ஆகவே சமகால இலக்கியம்’ என்று.

சரி, சிலப்பதிகாரம் எழுதப்பட்டது எப்போது? இரண்டாம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு, ஐந்து ஆறு என்று பின்னால் தள்ளுபவர்களும் உண்டு. பழைய நூல்களுக்கு உங்கள் அலமாரி தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சங்கம் மருவிய காலம் என்று எழுதி ஒரு கேள்விக்குறி போடுங்கள். உரைகளை மூல நூலோடு வையுங்கள். பரிமேலழகர் உரையும் மு. வரதராசன் உரையும் பல நூற்றாண்டு இடைவெளியில் எழுதப்பட்டவை என்றாலும், குறள் தேடி வருபவருக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும்.

நூலகத்து எண்கள் சொல்வது என்ன

அரசு நூலகத்தில் புத்தக முதுகில் எண்களைப் பார்த்திருப்பீர்கள். அதிகம் பரவியது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அதில் இலக்கியம் 800. முதலில் மொழி, பிறகு வடிவம், பிறகு காலம். ஆங்கிலம் 820, ஜெர்மன் 830, பிரெஞ்சு 840. வடிவத்துக்கு 1 கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. ஆகவே ஆங்கில நாவல் 823. ஆர். கே. நாராயணும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார், ஏனென்றால் கேள்வி மொழி. ஆனால் அமெரிக்க இலக்கியத்துக்கு மட்டும் 810 என்று தனி இடம். மொழி ஒன்றுதான், இருந்தும் நாடு பார்த்துப் பிரித்தார்கள்.

தமிழ் 894.811. ஐரோப்பாவின் சில மொழிகளுக்கு 810 முதல் 880 வரை கொடுத்துவிட்டு, சீனம், ஜப்பான், அரபு, ரஷ்யம், இந்திய மொழிகள் எல்லாவற்றையும் 890க்குள் போட்டார்கள். 894இல் திராவிட மொழிகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் துருக்கியும் ஹங்கேரியும் ஃபின்லாந்தும். இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி உள்ள ஓர் இலக்கியத்துக்கு ஆறு இலக்கம் எழுதிய பிறகுதான் கவிதையா கதையா என்று சொல்லவே முடிகிறது. எனக்கு இது இன்னும் வலிக்கிறது. ஆனாலும் இந்த எண்ணைக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் நேராகத் தமிழ்த் தட்டுக்குப் போய்விடலாம்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அவர் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இந்த வேலையை அழகாகச் செய்கிறது. இலக்கியத்துக்கு ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து. அடுத்து மொழி, தமிழுக்கு 31. அடுத்து வடிவம், கவிதைக்கு 1. அப்புறம் ஆசிரியர். இங்கேதான் அவருடைய யோசனை. ஆசிரியரைப் பெயரால் குறிக்காமல் பிறந்த ஆண்டால் குறித்தார். 1800களுக்கு ‘எம்’ என்ற எழுத்து, 1900களுக்கு ‘என்’. பாரதி 1882, ஆகவே ‘எம் 82’. இப்படி அடுக்கினால் ஒரு மொழியின் கவிஞர்கள் பிறந்த வரிசையிலேயே தட்டில் நிற்பார்கள். காலத்தைத் தனியாகப் பிரிக்கவே வேண்டாம்.

அடுக்கும்போது

சிறிய படிப்பகத்துக்கு நான் சொல்வது ரங்கநாதனின் யோசனையை எளிமையாக்கியதுதான். முதலில் மொழி வாரியாகத் தட்டு. ஒரு மொழிக்குப் பத்துப் புத்தகத்துக்கும் குறைவாக இருந்தால் இரண்டு மூன்று மொழிகளை ஒரே தட்டில் வைக்கலாம், ஆனால் நடுவே பெயர் எழுதிய அட்டையைச் செருகிப் பிரியுங்கள். அடுத்து, கவிதை, நாடகம், கதை. அதற்குள் ஆசிரியர் பிறந்த ஆண்டு வரிசை. ஆண்டு கிடைக்காதவர்களைக் கடைசியில் வையுங்கள். நாட்டுக்குத் தனித் தட்டு வேண்டாம். முதுகில் ஒரு வண்ணப் பொட்டு போதும். இலங்கைக்கு ஒரு நிறம், மலேசியாவுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் தேடுபவர் கண்ணாலேயே பிரித்தெடுப்பார். சங்க இலக்கியம் போன்ற பழைய நூல்களை மட்டும் தனியாக, காலப் பெயரிட்டு வைப்பது நல்லது.

‘உலகச் சிறுகதைகள்’ போன்ற தொகுப்புகளை எந்த மொழிக்குள்ளும் திணிக்காமல் தனித் தட்டில் வையுங்கள். உள்ளே எந்தெந்த மொழிக் கதைகள் இருக்கின்றன என்று பட்டியலில் எழுதிவிடுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் எங்களிடம் ஐஸ்லாந்துக் கதை ஒன்று இருப்பது அப்படி எழுதும்போதுதான் தெரியவந்தது.

பட்டியலுக்கு எக்செல் போதும். தலைப்பு, ஆசிரியர், பிறந்த ஆண்டு, மூல மொழி, எந்த மொழி வழியாக, நாடு, முதலில் வெளிவந்த ஆண்டு, மொழிபெயர்த்தவர், குறிப்பு. ஒரு புத்தகம் தட்டில் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும், பட்டியலில் எத்தனை பெயரில் வேண்டுமானாலும் கிடைக்கலாம். மாண்டோவின் தொகுப்பை இந்தியா என்று தேடினாலும் பாகிஸ்தான் என்று தேடினாலும் வரும்படி செய்யுங்கள்.

முதுகுச் சீட்டை முதல் ஆறு மாதத்துக்குப் பென்சிலால் எழுதுங்கள். வாசகர்கள் வந்து திருத்துவார்கள். எங்கள் ‘ஜமீலா’வின் சீட்டில் இப்போது கிர்கிஸ் என்று இருக்கிறது. ஐத்மாத்தவ் ரஷ்ய மொழியில் எழுதிய ‘குல்சாரி’ மூன்று தட்டு தள்ளி, ரஷ்யத்தில். இரண்டின் முதுகிலும் ஒரே நிறப் பொட்டு.